ஹெல்சிங்கி ஜெயித்த கணக்கு

வாக்களிக்கப் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு தேர்தல் விதி சொன்னால் நமக்கு முதலில் கோபம்தான் வரும். ரசிகர்கள் வேர்ல்ட்கான் என்று அழைக்கும் உலக அறிவியல் புனைகதை மாநாடு எந்த ஊரில் கூடுவது என்று முடிவுசெய்யும் வாக்கெடுப்பில் விதி அப்படித்தான். அண்மை ஆண்டுகளில் கட்டணம் ஏறத்தாழ 50 டாலர். கட்டியவர் எந்த ஊருக்கு வாக்களித்திருந்தாலும், ஜெயித்த ஊரின் மாநாட்டுக்கு உறுப்பினர் ஆகிவிடுவார். பணமும் அந்த ஊருக்கே போகும். தோற்ற தரப்பின் காசும் ஜெயித்தவருக்கு முதலீடாகிறது!

இப்படியொரு ஏற்பாடு ஏன் வேண்டும்? 1939-இல் நியூயார்க்கில் ஏறக்குறைய இருநூறு பேருடன் தொடங்கிய இந்த மாநாட்டுக்கு நிரந்தர அலுவலகம் கிடையாது, சம்பள ஊழியர் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் வேறோர் ஊரின் ரசிகர்கள் தன்னார்வத்தில் நடத்துகிறார்கள். அரங்குக்கும் விடுதி அறைகளுக்கும் வெகு முன்பே பேசி வைக்க வேண்டும் என்பதால் வாக்கெடுப்பு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நடக்கிறது. முதல் நாளே கையில் கொஞ்சம் பணமும் ஆர்வமுள்ள உறுப்பினர்களும் இருந்தால்தான் வேலை ஓடும்.

இதோடு இன்னொரு விதியும் சேர்கிறது. நடப்பு மாநாட்டின் உறுப்பினருக்குத்தான் அடுத்த ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. நேரில் வர முடியாதவர் தபாலில் வாக்களிக்கலாம். இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை ஹெல்சிங்கியின் கதையில் பார்க்கலாம்.

2015 மாநாட்டுக்காக அமெரிக்காவின் ஸ்போகேன், ஆர்லாண்டோ, பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆகிய மூன்று ஊர்கள் 2013-இல் மோதின. கடைசியாக வந்த ஆர்லாண்டோ விலக்கப்பட்டு, அதன் வாக்குகள் மற்ற இரண்டு ஊர்களுக்கும் பிரிந்து சேர்ந்தபின், சொற்ப வித்தியாசத்தில் ஸ்போகேன் வென்றது. பின்லாந்துக்காரர்களுக்கு அது பெரிய ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஹெல்சிங்கிக்கு வாக்களித்த அத்தனை பேரும் அந்தக் கணமே ஸ்போகேன் மாநாட்டின் உறுப்பினர்கள். 2017-க்கான ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு? ஸ்போகேன் உறுப்பினர்களுக்கு! தோல்வியே அவர்களுக்கு அடுத்த வாக்காளர் அட்டையைக் கொடுத்துவிட்டது. 2015 ஆகஸ்டில் காட்டுத்தீயின் புகை ஸ்போகேன் நகரை மூடியிருந்தபோது எண்ணப்பட்ட வாக்குகளில் வாஷிங்டன், மான்ட்ரியல், ஜப்பானின் ஷிசுவோகா மூன்றையும் முந்தி ஹெல்சிங்கி வென்றது. 2017-இல் அங்கே திரண்ட கூட்டத்துக்கு முதல் நாளே அறைகள் போதவில்லை.

எண்ணும் முறையும் கவனிக்கத் தக்கது. வாக்குச்சீட்டில் ஊர்களுக்கு 1, 2, 3 என வரிசை எண் இட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியாக வந்த ஊரை நீக்கி, அதன் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் இந்த வகைதான். 1969-இல் முதல் சுற்றில் பெரும்பான்மை எட்டாத வி.வி. கிரி, அடுத்த விருப்பங்களை எண்ணியபின் வென்றார். மாநாட்டுச் சீட்டில் நோட்டாவும் உண்டு. இந்தியாவில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்த வேட்பாளர் ஜெயித்தவர்தான். அங்கே அது வென்றால் முடிவு உறுப்பினர்களின் பொதுக்கூட்டத்துக்குப் போகும். நோட்டாவுக்கு உண்மையான பல் இருக்க வேண்டும் என்று நினைக்கிற எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும்.

குறையே இல்லாத முறையா? 100 பேரில் 40 பேர் அ, ஆ, இ என்றும், 35 பேர் இ, ஆ, அ என்றும் வரிசையிடுகிறார்கள். 25 பேருக்கு ஆ முதலிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் நிறுத்தினால் ‘ஆ’ ஊர் ‘அ’வை 60-க்கு 40 என்றும் ‘இ’யை 65-க்கு 35 என்றும் வெல்லும். ஆனால் முதல் விருப்பம் குறைவு என்பதால் முதலில் வெளியேறுவதும் அதுவே. இந்த முறையைக் கைவிட்டு வேறொன்றைத் தேடினாலும் முழுத் தீர்வு கிடைக்காது. போட்டியில் மூன்று பேர் இருந்தாலே போதும், எல்லோரது வரிசைகளையும் ஒரே பொது வரிசையாக்கும் எந்த முறையும் நியாயத்துக்கான சில எளிய நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ நிறுவினார். அதை விளக்கும் அவரது நூல் 1951-இல் வந்தது.

மீண்டும் வேர்ல்ட்கானுக்கே வருவோம். 2023 மாநாட்டுக்காக 2021 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த வாக்கெடுப்பில் சீனாவின் செங்டு 2006 வாக்குகளும் கனடாவின் வின்னிபெக் 807 வாக்குகளும் பெற்றன. முகவரி முழுமையாக இல்லாத சீட்டுகளை என்ன செய்வது என்று கடும் வாதம் எழுந்தது. முடிவில் செங்டுவின் வெற்றி நின்றது. வின்னிபெக்குக்கு வாக்களித்தவர்களும் செங்டு மாநாட்டின் உறுப்பினர்கள் ஆனார்கள். 2023 அக்டோபரில் அந்த மாநாடு கூடி 2025-க்கு சியாட்டிலைத் தேர்ந்தெடுத்தபோது அவர்களுக்கும் வாக்குரிமை இருந்தது.