புல்வெட்டும் இயந்திரமும் அதன் பேணுகையும்



மாரி ஓய்ந்து தை பிறந்ததும் பாடசாலை வளவுகளிற் புல் முழங்காலளவு எழுந்து நிற்கும். பாம்புக்கும் நுளம்புக்கும் அஞ்சி அதனை விரைவில் வெட்டியாக வேண்டும். இன்று அதற்குப் பெரிதும் உதவுவது பெற்றோலினால் இயங்கும் புல்வெட்டும் இயந்திரமாகும்.

சுழலும் நூலினாற் புல்லை வெட்டும் இம்முறையை 1971ஆம் ஆண்டில் அமைத்தவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தவரான ஜோர்ஜ் பல்லாஸ் என்பவர். மோட்டார் வாகனங்களைக் கழுவும் சுழல்தூரிகைகளைக் கண்டபோது, மரத்தடிப் புல்லைக் களையவும் அத்தகைய கருவியொன்று அமைக்கலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. தகரப் பேணியொன்றிலே தங்கூசி நூலைக் கோத்துச் சுழற்றினார், புல் அறுந்தது.

பெற்றோர் சேர்த்துத் தந்த பணத்தைக் கொண்டு எங்கள் பாடசாலைக்கும் இவ்வியந்திரமொன்று வாங்கினோம். மூன்றாம் மாதமே அது இறுகி நின்றுவிட்டது. எண்ணெய் கலவாத பெற்றோலை ஊற்றியதே காரணம். ஊற்றிய தொழிலாளியை நான் கடிந்துகொள்ளவில்லை. கலக்கவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. கைந்நூலை வாசித்து விளக்கியிருக்க வேண்டியவன் நானே.

ஈரடிப்பு எஞ்சினில் எண்ணெய்க்குத் தனியிடமில்லை. பெற்றோலுடன் கலந்து செல்லும் எண்ணெயே முசலமும் உருளையும் உரசித் தேயாது காக்கின்றது. ஐம்பதுக்கு ஒன்று என விதித்திருப்பின் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய். இருபத்தைந்துக்கு ஒன்றாயின் 40 மில்லிலீற்றர். உரிய அளவு கைந்நூலிற் கூறப்பட்டிருக்கும், கண்மதிப்பாக ஊற்றலாகாது. நாலடிப்பு எஞ்சினிலோ எண்ணெய் தனியே நிற்கும். அங்கே பெற்றோலில் எண்ணெய் கலத்தலே தவறு; வேலை தொடங்குமுன் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும்.

வாங்குவோர் தம் நிலத்தை முதலில் எண்ணுக. வீட்டு முற்றத்துக்கு வளைந்த தண்டுடையது போதும். அகன்ற வளவுக்கு நேரான தண்டும், அதனுள்ளே திண்ணிய உருக்குக் கோலும் உடையதே நெடுநாள் உழைக்கும். தோளிலே தாங்கும் வார் வசதியாக இருத்தல் வேண்டும். உதிரிப்பாகங்கள் அண்மையிற் கிடைக்குமா என்பதை விலையைக் கேட்குமுன் கேட்டறிக.

இனிப் பேணுகை. வளிவடிகட்டி தூசியால் அடைபட்டால் எஞ்சின் மூச்சுமுட்டும். அதனை அடிக்கடி துப்புரவு செய்க. உருளையைச் சுற்றியுள்ள தகடுகளிடையே ஒட்டிய புல்லை அகற்றாவிடின் வெப்பம் வெளியேறாது. தண்டின் அடியிலுள்ள பற்சில்லுகளுக்குக் காலந்தோறும் கிறீஸ் இடுக. பல வாரங்கள் வைத்திருப்பதாயின், தாங்கியை வெறிதாக்கி, எஞ்சிய பெற்றோலும் தீர்ந்து எஞ்சின் தானே நிற்குமளவும் ஓட்டி வைக்க. உலர்ந்து முறியும் நைலோன் நூலை ஓரிரவு நீரில் ஊறவைத்தால் மீண்டும் துவளும்.

சுழலும் நூல் சிறுகல்லையும் வெகுதூரம் எறியவல்லது. ஆகவே கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிக, காவற்றகட்டைக் கழற்றாதீர், பிள்ளைகளை 15 மீற்றருக்கு அப்பால் நிறுத்துக. சூடாறாத எஞ்சினிற் பெற்றோல் ஊற்றாதீர். மாணவர் நட்ட இளமரங்களின் அடியிலே கையாற் களை பிடுங்குதலே நன்று. நூல் சுற்றிலும் பட்டையை உரித்துவிடின் மரம் பட்டுவிடும்.

எங்கள் இரண்டாம் இயந்திரத்தையும் அதே தொழிலாளியிடமே ஒப்படைத்தோம். கலவையின் அளவைப் பெரிய எழுத்தில் எழுதிக் களஞ்சிய அறைக் கதவில் ஒட்டினேன். அவ்வியந்திரம் இன்றுவரை ஐந்து மாரிகளைக் கண்டுவிட்டது.