மூளைக்காய்ச்சல்: வெள்ளையணுக்கள் மூளைக்குள் எப்படிப் போகின்றன?

எங்கள் புவனகிரி பக்கம் போல நெல் விளைகிற ஊர்களில், வயலில் தேங்கும் தண்ணீரில்தான் கியூலெக்ஸ் விஷ்ணுயி வகைக் கொசுக்கள் பெருகும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைப் பரப்புவது இவைதான். இந்தியாவில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது 1955-ல், வேலூரில். பிற்பாடு மதுரையில் இருந்த ஐசிஎம்ஆர் பூச்சியியல் மையம் நம்ம மாவட்டத்து விருத்தாசலத்தில் கள நிலையம் வைத்தே இந்தக் கொசுக்களை ஆராய்ந்தது.

வைரஸ் உடம்பில் நுழைந்தவர்களில் 100-ல் ஒருவருக்குக்கூட மூளைக்காய்ச்சல் வருவதில்லை. ஆனால் வந்துவிட்டால் 100 பேரில் 20 முதல் 30 பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு வலிப்பு, கை கால் முடக்கம், பேச்சு பாதிப்பு என்று ஏதாவது தங்கிவிடுகிறது. இத்தனைக்கும் வைரஸ் மட்டும்தான் காரணமா? இல்லை. அதை விரட்டப் போகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மூளையின் ரத்தக்குழாய்கள் மற்ற இடங்களில் உள்ளவை மாதிரி கிடையாது. அவற்றின் உட்சுவர் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று தைத்த மாதிரி ஒட்டியிருக்கும். இதைத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம். ஃபயர்வால்னு வச்சுக்கலாம். ஆனா ஃபயர்வால் தானாகவே ஆளைக் கூப்பிடாது, இது கூப்பிடும்.

எப்படி? மூளைக்குள் வைரஸ் பெருகியதும் அங்கேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா செல்கள் அபாயச் செய்தியாகச் சில வேதிப்பொருட்களை வெளியிடுகின்றன. அது எட்டியதும் ரத்தக்குழாயின் உட்சுவரில் செலக்டின், வீகேம்-1 போன்ற பிடிமானப் புரதங்கள் முளைக்கின்றன. வெள்ளாற்றில் வெள்ளம் அடித்துப்போகும் ஆள் கரையோர நாணலைப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் விரைந்து போகும் வெள்ளையணு முதலில் செலக்டினில் சிக்கி, உருண்டு, வேகம் குறைகிறது. பிறகு தன் மேலுள்ள ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்ற கொக்கியால் வீகேம்-1-ஐ இறுகப் பிடித்து நின்று, சுவரைக் கடக்கிறது.

கடந்ததும் மூளைக்குள் வந்துவிட்டதா? இல்லை, இன்னும் ரேழியில்தான் நிற்கிறது. குழாயைச் சுற்றி ஒரு இடுக்கு, அதற்கப்புறம் இன்னொரு சவ்வு. அந்தச் சவ்வை நொதிகளால் அறுத்தால்தான் உள்ளே போகமுடியும். இந்த நோயில் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தால், குழாயைச் சுற்றி வெள்ளையணுக்கள் மோதிரம் போட்டதுபோல் குவிந்திருக்கும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். சாதாரணமாக அந்த நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5 செல்லுக்கு மேல் இருக்காது. மூளைக்காய்ச்சலில் அது பத்துக்கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ ஏறும்.

உள்ளே போனவை வைரஸை அழிக்கின்றன, சரி. ஆனால் கூடவே தடுப்புச்சுவர் கசிகிறது, மூளை வீங்குகிறது. மண்டையோடு விரியாது, அதனால் அழுத்தம் ஏறுகிறது. செத்த நரம்பு செல்லுக்கு மாற்று வருவதும் அரிது.

அப்போ கதவை மூடிவிட்டால்? செய்து பார்த்திருக்கிறார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் வெள்ளையணுக்கள் வைரஸ் இல்லாமலேயே மூளையைத் தாக்குகின்றன. அதற்காக ஆல்ஃபா-4 கொக்கியை மூடும் நடாலிசுமாப் மருந்து 2004-ல் அமெரிக்காவில் வந்தது. நல்ல பலன். ஆனால் சிலருக்கு, உடம்பில் சும்மா கிடந்த ஜேசி வைரஸ் காவல் இல்லாத மூளையைத் தின்ன ஆரம்பித்தது. 2005-ல் மருந்தை நிறுத்தி, 2006-ல் கடுமையான கட்டுப்பாடுகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அழற்சியைப் பொதுவாக அடக்கும் ஸ்டீராய்டு? காசநோய் மூளையுறை அழற்சியில் டெக்சாமெத்தசோன் உயிரிழப்பைக் குறைக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பயன் தெரியவில்லை என்று 1992-ல் வெளியான தாய்லாந்து ஆய்வு சொன்னது. இந்த வைரஸைக் கொல்ல இன்றும் தனி மருந்து கிடையாது.

ஆக, சண்டை மூளைக்குள் போய்விட்டால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நமக்கு நஷ்டம்தான். ரத்தத்தில் இருக்கும்போதே வைரஸை மடக்கவேண்டும். தடுப்பூசி உருவாக்கும் எதிர்ப்பொருட்கள் செய்வது அதைத்தான். இந்தியாவில் இதற்கான பெரிய தடுப்பூசி இயக்கம் 2006-ல் தொடங்கியது. நோய் பரவும் மாவட்டங்களில் குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. வீட்டில் அந்த வயதுக் குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்து அந்த இரண்டு வரியையும் ஒருமுறை பாருங்கள்.