சிறப்புக் குழந்தைகளின் தாய்மார்கள் பணிக்குத் திரும்புவது எளிதா?

மாற்றுத்திறன் குழந்தையைப் பராமரிக்கப் பணியிலிருந்து விலகிய தாய், பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பணிக்குத் திரும்ப முடியுமா என்பது பெரும்பாலும் அவர் எங்கு பணியாற்றினார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் 365 நாள்களுக்கு முழு ஊதியமும், எஞ்சிய நாள்களுக்கு 80 சதவீத ஊதியமும் வழங்கப்படும். வழக்கமாகக் குழந்தைக்கு 18 வயதாகும் வரையே இச்சலுகை. மாற்றுத்திறன் குழந்தைக்கு வயது வரம்பு இல்லை. எனினும், வாழ்நாள் முழுவதும் நீளும் பராமரிப்புக்கு இரண்டு ஆண்டுகள் போதுமானவை அல்ல.

மாநிலங்களில் நிலைமை வேறு. ஹிமாசல பிரதேசத்தில், மரபணு நோயால் பாதிக்கப்பட்ட மகனின் சிகிச்சைக்காகத் தன் விடுப்பு அனைத்தையும் செலவிட்டுவிட்ட அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவருக்கு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மறுக்கப்பட்டது. மத்திய அரசின் விதியை அம்மாநிலம் ஏற்கவில்லை என்பதே காரணம். இவ்வழக்கில் 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், பெண்கள் பணியில் பங்கேற்பது சலுகை அல்ல, அரசமைப்புச் சட்டம் அளிக்கும் உரிமை எனக் குறிப்பிட்டதுடன், விடுப்புக் கொள்கையை மறுஆய்வு செய்யக் குழு அமைக்குமாறும் உத்தரவிட்டது.

தனியார் துறையினருக்கோ 26 வார மகப்பேறு விடுப்புடன் சட்டப் பாதுகாப்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பணி இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண் விஞ்ஞானிகளுக்கு மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. ஆனால், அது ஆய்வுத் துறையினருக்கு மட்டுமே.