பங்குனி, சித்திரை மழையும் குடாநாட்டுத் தோட்டங்களும்

மாசி மாதம் கழிந்து வாடைக்காற்றின் வேகம் தணிந்ததும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனை அடுத்துள்ள கரையோரப் பகுதிகளிலும் காற்று ஒரு நிலைப்படாத காலம் தொடங்குகின்றது. வடகீழ்ப் பருவக்காற்றுக்கும் தென்மேற் பருவக்காற்றுக்கும் இடைப்பட்டதாதலின் இது முதலாவது இடைப்பருவக் காலம் எனப்படும். மார்ச்சு, ஏப்ரில் ஆகிய இரு மாதங்களும் இதற்குரியன. காலபோக நெல் வெட்டி முடிந்து, வெங்காயம் கிண்டப்படுவதும் மிளகாய்க் கன்றுகள் தழைத்துப் பூப்பதும் இவ்வேளையிலேயாம். இனி எத்தனை பரப்பு நடலாம் என்று கமக்காரர் தீர்மானிப்பதும் இப்பொழுதுதான். அத்தீர்மானத்தை மழையின் மேல் நம்பிக்கை வைத்துச் செய்தல் பெருந்தவறாகும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் சராசரிக் கணக்குப்படி, இவ்விரு மாதங்களிலும் இலங்கையின் பெரும் பகுதி 100 முதல் 250 மில்லிமீற்றர் வரை மழை பெறுகின்றது. தென்மேற்கு மலைச் சரிவுகளில் 700 மில்லிமீற்றருக்கு மேற் பெய்யும் இடங்களும் உண்டு. இதற்கு விலக்காக அமைந்தது குடாநாடு. யாழ்ப்பாணத்தில் 78 மில்லிமீற்றரும் ஆனையிறவில் 83 மில்லிமீற்றருமே சராசரியாகக் கிடைக்கின்றன. இது ஏறக்குறைய 3 அங்குலமாகும். கொழும்பிலும் கண்டியிலும் இடிமழை பெய்வதாக வானொலியிற் கேட்டு, நம் பகுதிக்கும் அது வந்து சேரும் என எண்ணுதல் பொருந்தாது.

இதன் காரணம் எளிதில் விளங்கக் கூடியது. இக்காலத்து மழை பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையன்று. காலை வெயிலில் நிலம் சூடேறி, அதன் மேலுள்ள ஈரக்காற்று உயர்ந்து குளிர்வதனால் பிற்பகலில் உண்டாகும் இடிமழையேயாம். மலைச்சரிவுகள் அக்காற்று மேலெழுவதற்கு உதவுகின்றன. குடாநாடோ தட்டையானது; இருபுறமும் நீர் சூழ்ந்தது. கடற்காற்று விரைவில் உட்புகுந்து நிலத்தின் சூட்டைத் தணித்துவிடும். ஆதலால் முகில் திரண்டு கறுத்து, பின்னர் வன்னிப் பக்கத்திற் பொழிந்துவிட்டு ஓய்வதைப் பலரும் கண்டிருப்பர். ஓர் ஊரில் வாய்க்கால் நிரம்ப மழை பெய்ய, அடுத்த ஊர்ப் புழுதி அடங்காதிருப்பதும் இக்காலத்து இயல்பே.

வெயிலோ குறைவதில்லை. சூரியன் வடக்கு நோக்கிச் செல்லும்போது ஏப்ரில் 5ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகின்றது. குடாநாட்டுக்கு உச்சங்கொடுப்பது புத்தாண்டை ஒட்டிய நாட்களிலாகும். நன்கு தழைத்த பயிருள்ள தோட்டத்திலிருந்து அந்நாட்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகின்றது. அவ்வாறாயின் இரு மாதங்களில் 300 மில்லிமீற்றர் செலவாகும். மழையாக வருவது அதிற் காற்பங்கு மாத்திரமே. எஞ்சியதைக் கிணறுதான் கொடுக்க வேண்டும்.

ஏக்கரின் பதினாறில் ஒன்றாகிய ஒரு பரப்புத் தோட்டத்தில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஏறக்குறைய 2,500 லீற்றர் நீருக்குச் சமமாகும். பார்வைக்குப் பெருந்தொகையாயினும் பயிருக்கு அது இரண்டு நாளைய உணவே. ஆகவே இத்தகைய மழையின் பின் ஓர் இறைப்பைத் தள்ளிவைக்கலாம். அதற்கு மேல் தள்ளிவைத்தலாகாது. பெய்த அளவை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நேரான பக்கமும் தட்டையான அடியும் உள்ள தகரப் பேணியொன்றை மரநிழல் படாத வெளியில் வைத்து, மழை விட்டவுடன் அடிமட்டத்தால் அளந்தாற் போதும்.

கிணற்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். வற்றாத ஆறு ஒன்றேனும் குடாநாட்டில் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் பாரங்குறைந்ததாதலால் இவ்வாறு நிற்க முடிகின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால் அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நூல்களிற் காணும் கணக்கு. எனவே மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நின்றால், கீழுள்ள உவர்நீர் அதனைப் போற் பன்மடங்கு உயரும். புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்றாகும்.

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதர் களைத்தபோது கிணறும் ஓய்வு பெற்றது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. கிணறு அடிதெரிய இறைத்து, ஊறியதும் மீண்டும் இறைக்கும் வழக்கம் பங்குனி, சித்திரையில் மிகவும் கேடானது. ஒரு முறை உவரேறிய கிணறு அடுத்த மாரி வரை திருந்தாது. அயலவரின் கிணற்றையும் அது கெடுக்கக் கூடும். இறைப்பு முடிந்ததும் நீர்மட்டத்தைக் கிணற்றுச் சுவரிற் குறித்து, பழைய மட்டத்துக்கு ஊற எத்தனை மணிநேரம் ஆகின்றதென்று வாரம் ஒருமுறை பார்த்தல் வேண்டும். அந்நேரம் நீண்டுகொண்டே போனால் புதிதாக ஒரு பரப்பும் நடலாகாது. சவர்க்காரம் நுரைகொள்ளாமையும் இலை நுனி கருகுதலும் உப்புக் கூடுவதன் அறிகுறிகள். போஞ்சியும் வெங்காயமும் உப்பை முதலில் உணரும் பயிர்கள். மிளகாய் அவற்றுக்குச் சிறிது பிந்தும். பீற்றூட் ஓரளவு தாங்கும். கடலையும் தொண்டைமானாற்று நீரேரியையும் அடுத்த தோட்டங்களில் இக்கவனம் இருமடங்கு வேண்டும்.

உள்ள நீரைச் சிக்கனப்படுத்தக் காலையில் அல்லது மாலையில் இறைத்தலும், பாத்திகளை வைக்கோலினால் அல்லது குழையினால் மூடுதலும் நன்மை தரும். வசதியுள்ளோர் சொட்டு நீர்ப்பாசனத்தை மேற்கொள்ளலாம். வெயில் நீடிக்கும்போது மிளகாயிலும் வெங்காயத்திலும் பனிப்பூச்சி பெருகுமாதலால், இலையின் அடிப்பக்கத்தையும் குருத்தையும் அடிக்கடி பார்த்தல் வேண்டும்.

குறைந்த மழையும் வெங்காயத்துக்குப் பகையாகலாம். தாள் சாய்ந்த பின் பெய்யும் ஒரு மழை, நிலத்திலிருக்கும் வெங்காயத்தை முளைக்கவும் அழுகவும் செய்யும். முற்றிய பாத்தியை விலை ஏறட்டும் என்று நிலத்தில் விட்டுவைப்போர் இரண்டையும் இழக்கின்றனர். கிண்டியதைப் பிடிகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள கொட்டிலில் தொங்கவிடுதல் நலம்.

நெல் வெட்டிய வயல்களில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு, உழுந்து, எள் முதலியன விளைவிக்கலாம். தரிசாக விடும் வயலைச் சித்திரை மழை கிடைத்தவுடன் உழுதல் மிகச் சிறந்தது. களையின் கிழங்குகள் வெயிலில் உலரும், பின் மழையும் மண்ணில் இறங்கும். புத்தாண்டில் நாட்பார்த்து ஏர் பூட்டிய முன்னோர் வழக்கம் இவ்வுழவோடு நன்கு பொருந்துகின்றது. இரணைமடு, கட்டுக்கரை ஆகிய குளங்களின் கீழுள்ளோர், சிறுபோக ஏக்கரளவு பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்து நீரைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதை மறத்தலாகாது. பீஜி 300 போன்ற மூன்று மாத இனத்தையோ, நீர் மேலும் குறைந்தால் பீஜி 250 என்னும் இரண்டரை மாத இனத்தையோ குறித்த நாளில் எல்லோரும் ஒருங்கே விதைத்தல் வேண்டும்.

இடிமழைக் காலமாதலால் உயிர்ச்சேதமும் நேரக் கூடும். இடியோசை கேட்டதும் வயலையும் தோட்டத்தையும் விட்டு வீட்டினுட் செல்லல் வேண்டும். தனிப்பனையின் கீழ் ஒதுங்குதலும், மண்வெட்டியைத் தோளில் வைத்து வெளியில் நடத்தலும், அவ்வேளை நீரிறைக்கும் இயந்திரத்தைத் தொடுதலும் ஆபத்தானவை.

மே மாதத்திற் சோளகம் எழுந்தபின் இச்சிறு மழையும் நின்றுவிடும். தென்மேற் பருவக்காற்றுத் தன் ஈரத்தை மலைநாட்டிற் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே வடக்கே வருகின்றது. வங்கக் கடலில் தாழமுக்கம் தோன்றினால் மாத்திரம் இது மாறும். 2016ஆம் ஆண்டு மே நடுப்பகுதியில், பின்னர் ரோவானு எனப் பெயர்பெற்ற புயல் உருவாகியபோது வடபகுதியிலும் பெருமழை பெய்தது. அத்தகைய மழை எல்லா ஆண்டும் வருவதன்று. சோளகத்துக்கு முன் தோட்டத்தின் தென்மேற்கு எல்லையிற் கிடுகு வேலியைச் செப்பனிட்டு வைத்தால், இளங்கன்றுகள் காற்றில் வாடுவது குறையும்; இறைப்பும் ஓரளவு மிச்சமாகும்.