நிறுத்தக் கூடாத சேவையை நிறுத்திவிட்டால்…

கேமரன் மலையில் ரிங்லெட், ஹாபு, சுங்கை பலாஸ் பக்கமுள்ள தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் ஒரு கணினி இருப்பது இன்று அதிசயமல்ல. பல வீடுகளில் அது அண்ணன் வாங்கி, தங்கை கைக்கு வந்த பழைய கணினிதான். மெதுவாக ஓடுகிறதே என்று, "தேவையில்லாத சேவைகளை நிறுத்தினால் வேகம் கூடும்" என யாரோ சொன்னதைக் கேட்டு எதையாவது நிறுத்திவிடுகிறோம். மறுமுறை திறந்தால் இணையம் இல்லை, ஒலி இல்லை; சில வேளைகளில் உள்ளே நுழையவே முடிவதில்லை. மலையிறங்கி தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ கொண்டு சென்று, "ஃபார்மட்" செய்யச் சொல்லிவிடுகிறோம். பள்ளிப் பாடவேலைகளும் திருமணப் படங்களும் அதோடு போய்விடுகின்றன. இந்த இழப்பு பெரும்பாலும் தேவையற்றது.

சேவை என்பது என்ன? விண்டோஸ் இயங்கும்போது திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் சிறு நிரல்தான் சேவை. தோட்டத்தில் காலையில் பிரட்டுக் களத்தில் கிராணி பெயர் வாசித்து வேலை பிரித்துக் கொடுக்கிறார். அவர் வராவிட்டால் கொழுந்து பறிப்பவர், நிறுப்பவர், லோரி ஓட்டுநர் எல்லாரும் இருந்தும் வேலை நடக்காது. கணினியில் அந்தக் கிராணியின் இடத்தில் இருப்பது 'ரிமோட் புரொசீஜர் கால்' என்ற சேவை. சுருக்கமாக ஆர்.பி.சி. ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை கேட்பது இதன் வழியாகத்தான். இதை நம்பியிருக்கும் மற்ற சேவைகள் ஏராளம்.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு உலகெங்கும் பரவியது. ஆர்.பி.சி.யில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது நுழைந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு ஜூலை 16ஆம் தேதியே வெளியிட்டிருந்தும் பலர் அதைப் போடவில்லை. தாக்கப்பட்ட எக்ஸ்.பி. கணினிகள் 60 வினாடிகளில் அணையப் போவதாக எச்சரித்துவிட்டு அணைந்தன. எச்சரிக்கையில் ஆர்.பி.சி.யின் பெயரைக் கண்ட சிலர், அந்தச் சேவையையே முடக்கினார்கள். கணினி அணைவது நின்றது; மற்றவையும் நின்றன. வலைத்தொடர்புப் பக்கம் காலியானது. சேவைகளை மாற்றும் பக்கமே ஆர்.பி.சி.யை நம்பியிருந்ததால், முடக்கியதைத் திரும்ப இயக்கவும் வழியில்லை.

ஆனாலும் தீர்வு இருந்தது. ஒவ்வொரு சேவையும் எப்படித் தொடங்க வேண்டும் என்பது 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் பதிவேட்டில் ஓர் எண்ணாக இருக்கிறது. 2 என்றால் தானாகத் தொடங்கும். 3 என்றால் கேட்டால் தொடங்கும். 4 என்றால் முடக்கம். பதிவேட்டைத் திறந்து ஆர்.பி.சி.க்குரிய 4ஐ 2 ஆக்கி, கணினியை மீண்டும் தொடங்கினால் போதும். கோப்பு ஒன்றுகூட அழியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போதைய விண்டோஸில் ஆர்.பி.சி.யைச் சேவைகள் பக்கத்தில் முடக்க முடியாது. ஆனால் மற்றவற்றை முடக்கலாம். 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' நின்றால் வைஃபை வராது. 'விண்டோஸ் ஆடியோ' நின்றால் ஒலி இராது. 'பிரின்ட் ஸ்பூலர்' நின்றால் அச்சிட முடியாது. 2021 ஜூலையில் ஒரு பாதுகாப்புக் குறைக்காக, பிரின்ட் ஸ்பூலரைத் தற்காலிகமாக முடக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. திருத்தம் போட்ட பிறகு அதை மீண்டும் இயக்க மறந்தவருக்கு அச்சுப்பொறி வேலை செய்யாது.

உங்கள் கணினிக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

முதலில், கணினி திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் 'சர்வீசஸ்' பக்கத்தில் அந்தச் சேவையைப் பழைய நிலைக்கு மாற்றுங்கள். 'எம்.எஸ்.கான்ஃபிக்' வழியாக நிறுத்தியிருந்தால், அதிலேயே 'நார்மல் ஸ்டார்ட்டப்' தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவதாக, உள்ளே நுழைய முடியாவிட்டால், நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். வரும் பட்டியலில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' வழியாகச் சென்று, 4ஐ அழுத்தி 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு முறையில் திறந்து, மாற்றியதைச் சரிசெய்யுங்கள். வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். அதை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

மூன்றாவதாக, அதுவும் பலிக்காவிட்டால், அதே பட்டியலில் 'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கிறது. மீட்புப் புள்ளி முன்பே பதிவாகியிருந்தால், உங்கள் படங்களையும் கட்டுரைகளையும் தொடாமல் அமைப்பை மட்டும் பழைய நாளுக்குக் கொண்டு போகும்.

இவை எதுவும் கைகொடுக்காமல் கடைக்குப் போக நேர்ந்தாலும், "முதலில் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுங்கள், பிறகு மற்றது" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். விண்டோஸ் திறக்காத கணினியின் வட்டைக் கழற்றி இன்னொன்றில் பொருத்திப் படிக்க முடியும்.

இனி எதையும் நிறுத்துவதற்கு முன், சேவையின் பெயரையும் பழைய நிலையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். 'டிபென்டென்சிஸ்' பகுதியில் அதை நம்பியிருப்பவை எவை என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்படிச் செய்தால், தவறு எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இருக்காது.