மரப்படிக்கு அடியில் ஒரு டப்பா

இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் பின்பக்கம் இறங்கினால், பெரும்பாலும் ஓர் ஒற்றையடிப் பாதை வயல்களுக்குள் போகும். நிலம் தனியாருடையது, அந்தப் பாதையில் நடக்கும் உரிமை மட்டும் சட்டப்படி எல்லோருக்கும் பொது. வேலியைத் தாண்ட மரப்படி போட்டிருப்பார்கள். அந்த மரப்படியின் அடியிலோ, ஐவி கொடி படர்ந்த மரத்தின் வேர் இடுக்கிலோ ஒரு சிறிய டப்பா ஒளிந்திருக்கலாம். அதைத் தேடிப் போவதுதான் ஜியோகேச்சிங்.

ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிவு செய்கிறார். மற்றவர்கள் போனிலோ ஜிபிஎஸ் கருவியிலோ அந்த எண்களைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். கிடைத்ததும் உள்ளே சுருட்டியிருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பேனா கையோடு இருக்கட்டும். சின்ன டப்பாக்களில் அதற்கு இடமிருக்காது. பெரிய டப்பா என்றால் பொம்மை, நாணயம் மாதிரி ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால், மதிப்பில் குறையாத இன்னொன்றைப் போட வேண்டும். தேடும் சிரமத்துக்கும் நடக்கும் சிரமத்துக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டிருப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இரண்டிலும் 2-ஐத் தாண்டாததாகப் பார்த்துப் போவது நல்லது.

ஜியோகேச்சிங் பிறந்த தேதி திட்டவட்டமாகத் தெரியும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடையை எடுத்தார்கள். அடுத்த ஓரிரு நாளில், மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்துவைத்து, அதன் இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். ஆனால் ஒளித்ததைத் தேடிப் போகும் ஆசை பழையது. இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல்வெளியில், 1854-இலேயே கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு ஜாடியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அங்கே இன்றும் பெட்டி தேடி, ரப்பர் முத்திரை குத்திக்கொள்கிறவர்கள் உண்டு.

செயற்கைக்கோள் நம்மை டப்பாவின் மேலேயே கொண்டுபோய் நிறுத்திவிடாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணின் கடைசி இலக்கம் கோண நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அட்சரேகையில் அது இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆனால் மரநிழலில் போன் ஐந்து, பத்து மீட்டர் தடுமாறும். அந்த இடத்துக்கு வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு, ஒளித்தவர் எங்கே வைத்திருப்பார் என்று யோசியுங்கள். இயற்கையாக விழாத மாதிரி அடுக்கிய சுள்ளிகள், தனியாகக் கிடக்கும் தட்டைக் கல், வேலிக்கம்பத்தின் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள்.

பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: சாந்தில்லாமல் கல்லைக் கல் தாங்க அடுக்கிய வயற்சுவர். ஒரு கல்லை உருவினாலும் சுவர் சரியலாம், ஆடுகள் வெளியேறும், சுவரைத் திரும்ப எழுப்பும் வேலை விவசாயி தலையில் விழும். பிரிட்டனில் அந்தச் சுவர்களுக்குள் டப்பா வைக்கவே கூடாது என்பது விதி. வேறு எங்கே வைத்தாலும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். வயலின் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவிட்டுப் போக வேண்டும். ஊருக்குள் இன்னும் கவனம் தேவை: 2011-இல் யார்க்‌ஷயரின் வெதர்பி நகரில் ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்து, ராணுவ நிபுணர்களை வரவழைத்துத் தகர்த்தார்கள்.

இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். அந்த இடைவெளியிலேயே பாதை நெடுக ஃபிலிம் டப்பாக்களை வரிசையாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை சேர்க்க அது உதவும். எனக்கு ஒரே டப்பா போதும், அது நான் வேறெப்படியும் போயிருக்க முடியாத ஓர் ஓடைக்கரைக்கு அழைத்துப் போகுமானால்.

டப்பா கிடைக்காவிட்டால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். கிடைக்கவில்லை என்பதையும் பதிவு செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று பதிவுகள் வந்தால்தான், மழை அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று வைத்தவர் வந்து பார்ப்பார்.