கணக்கில் ஏறாத 6 கோல்

ஸ்காட்லாந்தின் அபர்தீன் துறைமுகத்தில், மீன்பிடித் தொழிலாளி ஒருவரின் 7-வது பிள்ளை டெனிஸ் லா. மாறுகண், மூக்குக்கண்ணாடி, ஒல்லி உடம்பு. ஆனால் 16 வயதிலேயே இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்பீல்டு அணியில் ஆடினார். 1960-ல் மான்செஸ்டர் சிட்டி 55 ஆயிரம் பவுனுக்கு அவரை வாங்கியது.

1961 ஜனவரியில் லூட்டன் அணியுடன் எப்.ஏ. கோப்பை ஆட்டம். சிட்டி 6-2 என்று முன்னணி. ஆறும் லா போட்டவை! முடிய 21 நிமிடம் இருக்கையில், மைதானம் சேறாகிவிட்டதென்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ஆறும் செல்லாது. மறு ஆட்டத்தில் சிட்டி 3-1-ல் தோற்றது. அந்த ஒன்றும் லா போட்டதே. ஓவர்டைம் பார்த்தும் பில் 'பாஸ்' ஆகாத நமக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

இத்தாலியில் ஓராண்டு. பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டில் 11 ஆண்டு, 237 கோல். 1964-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1973-ல் யுனைடெட் அவரை விலையில்லாமல் விட்டுவிட்டது. மீண்டும் சிட்டி.

1974 ஏப்ரல் 27. யுனைடெட் மைதானத்தில் சிட்டி. இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கும் நிலையில் யுனைடெட். கடைசி நேரத்தில் லா குதிகாலால் பின்புறமாகத் தட்டினார். கோல்! தோழர்கள் கட்டிப்பிடித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, தலைகுனிந்து வெளியேறினார். ரசிகர்கள் உள்ளே புகுந்ததால் அந்த ஆட்டமும் பாதியில் நின்றது. ஆனால் இம்முறை முடிவு செல்லும் என்று லீக் சொல்லிவிட்டது. மற்ற ஆட்டங்களின் முடிவால், அந்தக் கோல் இல்லாவிட்டாலும் யுனைடெட் இறங்கியிருக்கும். லீக் போட்டிகளில் லா போட்ட கடைசிக் கோல் அது.